5 அடி அகலக் குளியலறையில் ஒரு பெரிய நிலைக்கண்ணாடி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

எங்கள் குளியலறையின் அளவு 5 அடிக்கு 7 அடி. குறுகிய பக்கத்தில் கதவு இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் வலப்புறச் சுவரை ஒட்டி முதலில் வாஷ்பேசின், அதற்கடுத்து டாய்லெட், கடைசியாக ஷவர் என மூன்றும் வரிசையாக இருக்கின்றன. கதவுக்கு நேர் எதிர்ச் சுவரில், உயரத்தில், ஒரு சிறிய ஜன்னல். சுவரை இடிக்கவோ குழாய்களை இடம் மாற்றவோ வாய்ப்பில்லாத நிலையில், இருக்கும் அறையையே சற்று விசாலமாகத் தோன்றச் செய்ய வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சில பொருள்களை வாங்கிப் பொருத்தினோம். அவற்றுள் மற்ற எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது, 54 அங்குல அகலமும் 42 அங்குல உயரமும் கொண்ட, சட்டமில்லாத ஒரே நிலைக்கண்ணாடிதான். இந்த மதிப்புரை பெரும்பாலும் அதைப் பற்றியது. ஆனால் அது தனியாக நின்று முழுப் பலனையும் தந்துவிடவில்லை என்பதால், கண்ணாடித் தடுப்பு, விளக்கு, டைல்ஸ் இடுக்குப் பூச்சு ஆகியவற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

ஒரு பொருள் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதன் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் அதே தூரத்தில் தெரியும் என்பதை எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். குளியலறைக்குக் கண்ணாடி வாங்கும்போது அந்தப் பாடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் எந்தச் சுவரில் மாட்டுவது என்ற கேள்விக்கு உடனே விடை கிடைத்துவிடும். கதவுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தால் 7 அடி நீளம் 14 அடியாகத் தோன்றி, அறை ஒரு நடைபாதையைப் போல ஆகியிருக்கும். எங்களுக்குக் குறையாக இருந்தது நீளமன்று, அகலம். எனவே வலப்புற நீளச் சுவரில், வாஷ்பேசினுக்கும் டாய்லெட்டுக்கும் மேலே மாட்டினோம். இடப்புறச் சுவர் இப்போது கண்ணாடிக்குள் 5 அடி தள்ளித் தெரிவதால், 5 அடி அறை கண்ணுக்கு 10 அடியாகிறது. எந்தப் பக்கம் குறுகலோ அந்தப் பக்கத்தை இரட்டிப்பாக்கும் இடத்தில்தான் கண்ணாடி இருக்க வேண்டும் என்பதை, வாங்குவதற்கு முன்பே ஒரு பழைய கண்ணாடியைச் சுவரோடு பிடித்துக்கொண்டு பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

அளவைவிட முக்கியமான இன்னொன்று, கண்ணாடியின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது. கதவிருக்கும் சுவரும் கண்ணாடிச் சுவரும் சந்திக்கும் மூலை வரையில் கண்ணாடியைக் கொண்டுபோய், இடையில் 3 மி.மீ. மட்டும் விட்டிருக்கிறோம். இதனால் கதவுச் சுவர் மூலையில் நிற்காமல் கண்ணாடிக்குள் புகுந்து தொடர்ந்து போவது போலத் தெரிகிறது. இதே கண்ணாடியை மூலையிலிருந்து ஒரு கையளவு தள்ளி, மரச் சட்டத்துக்குள் வைத்திருந்தால் அது சுவரில் மாட்டிய ஒரு படமாகத்தான் இருந்திருக்கும். கண்ணாடியின் மேல் விளிம்பையும் டைல்ஸ் முடியும் 7 அடிக் கோட்டுக்கு நேராக வைத்தோம். அப்படிச் செய்ததால் சுவரில் புதிதாக ஒரு கிடைக்கோடு சேரவில்லை. ஓர் அறையைச் சிறியதாகக் காட்டுவது அதன் பரப்பு மட்டுமன்று, பார்வை போகும் வழியில் எத்தனை இடங்களில் கோடுகள் குறுக்கிடுகின்றன என்பதும்தான். இந்த ஓர் எண்ணத்தை வைத்துத்தான் பின்னர் வாங்கிய ஒவ்வொன்றையும் எடைபோட்டேன்.

இந்தக் கண்ணாடிக்கு முன்னால், சுலபமாக முடித்துவிடலாம் என்று, பின்புறம் பசையுள்ள அக்ரிலிக் கண்ணாடிச் சதுரங்களை வாங்கி ஒட்டிப் பார்த்தேன். யாருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அக்ரிலிக் தகடு மெல்லியது என்பதால் சுவரின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்துவிடுகிறது; ஒவ்வொரு சதுரமும் ஒவ்வொரு கோணத்தில் நிற்க, எதிர்ச் சுவரின் நேர்கோடு சதுரத்துக்குச் சதுரம் முறிந்து முறிந்து தெரிந்தது. அறை பெரிதாகத் தோன்றுவதற்குப் பதிலாக நிலைகொள்ளாத உணர்வுதான் வந்தது. துணியால் துடைத்ததிலேயே இரண்டு மாதத்தில் மெல்லிய கீறல்கள் விழுந்தன. மிதவை முறையில் தயாரான கண்ணாடியில் இந்தக் கோணல் வருவதில்லை. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் அந்த முறையைப் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல் அறிவித்தது. இன்று கடைகளில் கிடைக்கும் நல்ல நிலைக்கண்ணாடிகள் அப்படி வந்தவைதான். தடிமனில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. பெரிய அளவுக்கு 5 மி.மீ. தடிமனே சரி; அதைவிட மெல்லியதானால் பொருத்தும்போதே வளைந்துவிடும்.

நான் பட்ட பெரிய இழப்பும் இதிலேயே இருக்கிறது. இப்போது சுவரில் இருப்பது இரண்டாவது கண்ணாடி. முதலாவதைச் சிலிக்கான் பசையால் சுவரில் ஒட்டிய நாளில் குளியலறை முழுவதும் வினிகர் வாடை அடித்தது. பொருத்த வந்தவரிடம் கேட்டதற்கு, "எல்லா சிலிக்கானும் இப்படித்தான் சார் வாடை அடிக்கும், ரெண்டு நாள்ல போயிடும்" என்றார். வாடை போய்விட்டது, ஆனால் ஐந்தாம் மாதத்தில் கீழ் விளிம்பில் மிளகளவு கறுப்புப் புள்ளிகள் தோன்றி, நாளாக நாளாக ஒன்றோடொன்று சேர்ந்து, அரை அங்குல அகலத்தில் ஒரு கறுப்புக் கரையாகப் படர்ந்தன. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோது, பின்புறத்தில் சிலிக்கான் வைத்த இடங்களிலெல்லாம் பூச்சு கொப்பளித்திருந்தது; விரல் நகம் பட்டதும் சாம்பல் நிறத் தூளாக உதிர்ந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. கண்ணாடியில் முகம் தெரியச் செய்வது அதன் பின்புறம் படிந்திருக்கும் வெள்ளிப் படலம். கண்ணாடியின் மேல் வெள்ளியை வேதிமுறையில் படியவைக்கும் வழியை ஜெர்மன் வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் 1835-இல் கண்டறிந்தார். அடிப்படை இன்றும் அதுவே. அந்தப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அதற்குப் பின்னாலிருக்கும் பெயின்ட் பூச்சுதான் அதற்குக் காவல். சாதாரண சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. வினிகர் வாடை என்று நாம் முகர்வது அதைத்தான். அந்த அமிலம் பெயின்ட்டைத் துளைத்து வெள்ளியைத் தின்றுவிடுகிறது. நிலைக்கண்ணாடிக்கு அமிலம் வெளிவிடாத நியூட்ரல் சிலிக்கான்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டாம் முறை வந்த முதியவர் பையைத் திறந்ததும், நான் கேட்பதற்கு முன்னரே ட்யூபை என் கையில் கொடுத்து, "திருப்பிப் பாருங்க தம்பி, நியூட்ரல்னு போட்டிருக்கும். இல்லாத ட்யூபை யார் கொண்டுவந்தாலும் வாசலோட அனுப்பிடுங்க" என்றார். வாங்கும் கண்ணாடியைப் போலவே ஒட்டும் பொருளையும் நாம்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பதை அவர் அந்த ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டார்.

அவர் வேலை செய்த விதத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். 5 மி.மீ. தடிமனில் இந்த அளவுக் கண்ணாடி 18 கிலோவுக்கு மேல் எடையுள்ளது; ஒட்டுப் பசையை மட்டும் நம்பி அதை மாட்டக் கூடாது. கீழே அலுமினியத் தாங்கி ஒன்றைச் சுவரில் ஸ்க்ரூ வைத்து முடுக்கி, தண்ணீர் தேங்காமல் வடிவதற்காக அதில் நான்கு இடங்களில் துளை போட்டு, கண்ணாடி உலோகத்தின் மேல் நேரடியாக உட்காராதபடி ரப்பர் துண்டுகளை வைத்தார். பின்புறத்தில் சிலிக்கானை வட்ட வட்டமாக வைக்காமல், மேலிருந்து கீழாக நேர்கோடுகளாக இழுத்தார். உள்ளே புகும் ஈரம் இறங்கிப் போகவும் காற்று நுழையவும் அந்த இடைவெளிகள் வேண்டுமாம். கண்ணாடிக் கடையிலேயே விளிம்புகளைப் பாலிஷ் செய்து, அவற்றின்மேல் பாதுகாப்புப் பூச்சு ஒன்றையும் கேட்டு வாங்கியிருந்தேன். இவ்வளவும் சேர்த்து முதல் கண்ணாடியைவிட இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆயிற்று.

குறை இல்லாத பொருள் இல்லை. வெந்நீரில் குளித்து முடித்ததும் கண்ணாடி முழுவதும் ஆவி படிகிறது. அந்தப் பத்து நிமிடமும் அறை அதன் பழைய அளவுக்கே திரும்பிவிடுகிறது. வாஷ்பேசினுக்கு நேர் மேலே, கண்ணாடியின் பின்னால், சூடேறும் மெல்லிய தகடு ஒன்றை ஒட்டியிருக்கிறோம். விளக்கைப் போட்டதும் அதுவும் சூடாவதால் முகம் பார்க்கும் அளவுக்கு ஒரு செவ்வகம் மட்டும் தெளிவாக இருக்கிறது. காற்றிலிருக்கும் ஆவி குளிர்ந்த பரப்பில்தான் நீராகப் படியும் என்பதால் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் சுற்றியிருக்கும் மீதிக் கண்ணாடி தெளிய வேண்டுமென்றால், குளித்த பின்னும் கால் மணி நேரம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியாக வேண்டும். ஏற்கெனவே ஃபேன் இல்லாத குளியலறைக்கு, முதலில் அதைப் பொருத்திவிட்டுக் கண்ணாடியைப் பற்றி யோசிப்பது நல்லது.

மாட்டிய அன்று மாலை எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. எதிர்ச் சுவரில் துண்டுக் கம்பியில் நான்கு துண்டுகள், அதற்குக் கீழே அழுக்குத் துணிக் கூடை, பக்கத்தில் தொங்கிய ஷாம்பு மாடம், எல்லாம் கண்ணாடிக்குள்ளும் ஒரு முறை வந்து நின்றுகொண்டன. எதிரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கண்ணாடி பெருக்கிக் காட்டும். நெரிசல் இருந்தால் நெரிசல் இரண்டாகும். துண்டுக் கம்பியைக் கதவின் பின்புறத்துக்கும், கூடையைக் குளியலறைக்கு வெளியிலும் மாற்றி, இடப்புறச் சுவரை முழுக்க வெறுமையாக விட்ட பிறகே அகலம் வந்தது. அந்தச் சுவரில் இன்று கைப்பிடிக் கம்பி ஒன்று மட்டும் இருக்கிறது. அது அம்மாவுக்காக, அதைக் கழற்றுவது பற்றி நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஷவருக்கு முன்னால் முன்பு ஒரு பூப்போட்ட பிளாஸ்டிக் திரை தொங்கியது. அதை இழுத்துவிட்டால் 7 அடி அறையில் நான்கரை அடி மட்டும்தான் மிஞ்சும்; ஜன்னல் வெளிச்சமும் திரையோடு நின்றுவிடும். அதன் இடத்தில் 30 அங்குல அகலமும் ஆறரை அடி உயரமும் கொண்ட, கதவில்லாத, நிலையான கண்ணாடித் தடுப்பு ஒன்றை வைத்தோம். 8 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி, எடை ஏறத்தாழ 30 கிலோ. 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்விக்கப்பட்ட இந்தக் கண்ணாடி, உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாக அல்லாமல் முனை மழுங்கிய சிறு துண்டுகளாக உதிரும் என்பதால், குளியலறைத் தடுப்புக்குச் சாதாரணக் கண்ணாடியை ஏற்கக் கூடாது. ஆனால் ஒரு முறை இப்படிப் பதப்படுத்திய பின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. சுவர் எந்த அளவுக்குச் சாய்ந்திருக்கிறது என்பதை மேலும் கீழும் நடுவிலும் அளந்து கொடுத்த பிறகே ஆர்டர் கொடுக்க வேண்டும். எங்கள் சுவர் மேலுக்கும் கீழுக்கும் 6 மி.மீ. வேறுபட்டது.

இந்தத் தடுப்பு வந்த பிறகுதான் நிலைக்கண்ணாடி தன் முழு வேலையையும் காட்டியது. இப்போது கதவைத் திறந்து நின்றால், எதிரே ஜன்னல் ஒன்று, வலப்புறக் கண்ணாடிக்குள் அதே ஜன்னல் இன்னொன்று என இரண்டு வெளிச்சங்கள் தெரிகின்றன. காலை ஏழு மணி வாக்கில், சாய்ந்து வரும் வெயில் தடுப்பைத் தாண்டிக் கண்ணாடியில் பட்டு, இடப்புற வெற்றுச் சுவரில் ஒரு நீளமான செவ்வகமாக விழுகிறது. முன்பெல்லாம் அந்த நேரத்திலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் பல் துலக்குவோம்.

கண்ணாடித் தடுப்பில் ஒரு சமரசமும் செய்துகொண்டோம். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார். முதல் வாரத்திலேயே தடுப்பு இருப்பது தெரியாமல் தோளில் இடித்துக்கொண்டார். "வழியா இருக்குன்னு நெனச்சுப் போயிட்டேன்டா" என்று அவர் சொன்னபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அன்றே அவருடைய கண் மட்டத்தில், ஓர் அங்குல அகலத்துக்கு, பால்நிற ஸ்டிக்கர் பட்டை ஒன்றை ஒட்டினேன். பார்வையின் ஓட்டம் அங்கே சற்றுத் தடைபடுகிறது என்பது உண்மை. வயதானவர்களோ குழந்தைகளோ இருக்கும் வீட்டில் அந்தத் தடை இருந்தே ஆக வேண்டும்.

தண்ணீர்க் கறை இன்னொரு தொல்லை. உப்புத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகமாக இருப்பதால், துளி காய்ந்த இடத்திலெல்லாம் வெள்ளை வட்டம் நின்றுவிடுகிறது. குளித்து முடித்தவர் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக நான்கு இழுப்பு இழுத்துவிட வேண்டும் என்பது இப்போது வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. தவறிப் படிந்த கறைக்கு வாரம் ஒரு முறை சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். நிலைக்கண்ணாடியின் மேல் மட்டும் அந்தக் கரைசலை நேரடியாகத் தெளிக்கக் கூடாது. துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். தெளித்தால் அது வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கும், பிறகு முதல் கண்ணாடியின் கதைதான்.

விளக்கைப் பொறுத்தவரை, கூரையின் நடுவிலிருந்த 6500 கெல்வின் நீல வெள்ளை பல்பை எடுத்துவிட்டு, நிலைக்கண்ணாடியின் மேல் விளிம்பை ஒட்டி நீள வாக்கில் ஒரு எல்இடி விளக்கு வைத்தோம். பழைய பல்பு தரையின் நடுவை மட்டும் வெளுப்பாக்கி நான்கு மூலைகளையும் இருட்டில் விட்டது. மூலை தெரியாத அறை தன் உண்மையான அளவைவிடச் சிறியதாகவே தோன்றும். புதியது 4000 கெல்வின், அதாவது நீலம் குறைந்த வெள்ளை. நிறங்களைச் சரியாகக் காட்டும் திறனைக் குறிக்கும் எண் 90-க்கு மேல். அதன் ஒளி எதிர்ச் சுவரில் பரவித் திரும்புவதால் முகத்தில் நிழல் விழுவதில்லை. வாஷ்பேசின் பக்கத்து விளக்குக்குத் தெறிக்கும் நீரைத் தாங்கும் ஐபி44 தரமும், ஷவருக்கு மேலே பீய்ச்சும் நீரைத் தாங்கும் ஐபி65 தரமும் உள்ளவற்றைக் கேட்டு வாங்கினோம். எலக்ட்ரீஷியனை வைத்தே இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

டைல்ஸை மாற்றாமல் இடுக்குப் பூச்சை மட்டும் மாற்றியது, செலவோடு ஒப்பிட்டால், கண்ணாடிக்கு அடுத்தபடியாகப் பலன் தந்த வேலை. எங்கள் சுவர் டைல்ஸ் 8 அங்குலத்துக்கு 12 அங்குலம். ஒரு நீளச் சுவரில் மட்டும் ஏறத்தாழ 73 டைல்ஸ் இருக்கின்றன. வெளிர் சாம்பல் டைல்ஸுக்கு நடுவே சிமென்ட் பூச்சு நீரை உறிஞ்சி உறிஞ்சிப் பழுப்பேறியிருந்ததால், சுவர் முழுவதும் ஒரு கட்டம்போட்ட நோட்டுத் தாளைப் போலத் தெரிந்தது. 2 அடிக்கு 4 அடி டைல்ஸ் போட்டிருந்தால் அதே பரப்பு ஆறேழில் முடிந்திருக்கும்; அதற்குச் சுவரையே கொத்தியாக வேண்டும். பழைய பூச்சை இடுக்கிலிருந்து சுரண்டி எடுத்துவிட்டு, டைல்ஸின் அதே வெளிர் சாம்பல் நிறத்தில் எப்பாக்ஸி பூச்சு போட்டோம். நான்கு அடி தள்ளி நின்று பார்த்தால் கோடுகள் கண்ணுக்கே தெரிவதில்லை. எப்பாக்ஸி தண்ணீரை உறிஞ்சாது என்பதால் நிறமும் அப்படியே இருக்கிறது. ஒரே எச்சரிக்கை, டைல்ஸின் மேல் படியும் மெல்லிய படலத்தை அது இறுகுவதற்குள் துடைத்துவிட வேண்டும்; டாய்லெட்டுக்குப் பின்னால் கை எட்டாமல் விட்ட மூன்று டைல்ஸில் அது இன்றும் மங்கலாகப் படிந்திருக்கிறது, என்ன தேய்த்தும் போகவில்லை.

வாஷ்பேசினுக்குக் கீழே தரையில் நின்ற அலமாரியை எடுத்துவிட்டுச் சுவரில் தொங்கும் ஆழம் குறைந்த அலமாரி வைத்ததும் நல்ல மாற்றமே. தரை சுவர் வரைக்கும் தடையின்றித் தெரிகிறது, பெருக்கித் துடைக்கவும் எளிது. கால்மிதியைத் தரையின் நிறத்திலேயே வாங்கினோம், ஆனால் வழுக்காத அடிப்பாகம் உள்ளதாக. பளபளப்பான தரை டைல்ஸ் போட்டால் அறை இன்னும் பெரிதாகத் தோன்றும் என்று கடையில் சொல்வார்கள். ஈரத்தில் வழுக்கும் தரையை எந்தத் தோற்றத்துக்காகவும் நான் வாங்க மாட்டேன். ஆர்10 அல்லது அதற்கு மேற்பட்ட வழுக்காத் தரம் உள்ள, பளபளப்பில்லாத டைல்ஸே குளியலறைக்கு உரியது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரில் இவ்வளவு துளையிட முடியாது என்பதால், அவர்கள் இடுக்குப் பூச்சையும் விளக்கையும் மாற்றி, எதிர்ச் சுவரைக் காலி செய்தாலே பாதி வேறுபாட்டை உணர்வார்கள். சொந்த வீடாக இருந்து, அகலம் குறைந்த அறையாகவும் இருந்தால், இந்த நிலைக்கண்ணாடியை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். மறுபடியும் செய்வதானால் ஒன்றை மட்டும் மாற்றுவேன்: சூடேறும் தகட்டைச் சற்று அகலமாக வாங்குவேன், இருவர் பக்கத்தில் பக்கத்தில் நின்று முகம் பார்க்கும் அளவுக்கு. இதை எழுதுவதற்கு முன் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு போய், கண்ணாடியின் கீழ் விளிம்பை முழங்காலிட்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தேன். 14 மாதமாகியும் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை.